பச்சை ரயிலின் வேகம்

காலை ஒன்பதரைக்கு பரீதா கணினியில் கடைசி விடையையும் பூட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவர் சேக் தாவூது இன்னும் பூட்டவில்லை.

முன்பெல்லாம் அவர்தான் முதலில் முடிப்பார். முடித்துவிட்டு ஜன்னலருகே போய் நின்று, கீழே எல்ஆர்டி குட்டி ரயில் வளைந்து போவதைப் பார்த்தபடி, “இன்னுமா கணக்குப் போடுற?” என்று சீண்டுவார். இப்போது அவள் முடித்து, கோப்பையைக் கழுவி வைத்து, திரும்பி வந்து உட்கார்ந்த பிறகும் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன, ரயில் நின்னுடுச்சா?” என்றாள்.

“சிக்னல்” என்றார் அவர்.

பொங்கோல் வீட்டின் சாப்பாட்டு மேசைதான் அவர்களுடைய அலுவலகம். தாவூது உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பரீதா டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். இருவரும் இப்போது தேக்காவில் உள்ள ஒரு சிறிய கம்பெனிக்குக் கேள்விகளைச் சரிபார்த்தார்கள். வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு, மேலாண்மைப் படிப்புக்கான தேர்வு என்று தமிழ்நாட்டிலும் இங்கேயும் படிக்கிற பிள்ளைகள் பணம் கட்டி அந்தக் கேள்விகளைப் பயிற்சி செய்தார்கள்.

அவர்களிடம் வருபவை ‘தரவு போதுமா’ என்ற வகைக் கேள்விகள். பெரும்பாலும் ரயில்கள். கேள்விக்குக் கீழே இரண்டு கூற்றுகள் இருக்கும். முதல் கூற்று மட்டும் போதும் என்றால் ஏ. இரண்டாவது மட்டும் போதும் என்றால் பி. இரண்டும் சேர்ந்தால்தான் போதும் என்றால் சி. எது ஒன்று இருந்தாலும் போதும் என்றால் டி. சேர்த்தாலும் போதாது என்றால் இ. ரயில் எப்போது வந்து சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. சொல்ல முடியுமா, முடியாதா என்று சொன்னால் போதும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குத் தாவூது சொல்வார்: “முதல் கூற்றைப் படி. முடிவு பண்ணு. அப்புறம் அதை மறந்துடு. சுத்தமா மறந்துட்டு ரெண்டாவதைப் படி. மறக்கிறதுக்குத்தான் நமக்குச் சம்பளம்.”

எல்லோரும் சிரிப்பார்கள். சமீபத்தில் அவர் அதைச் சொல்வதில்லை.

ஒரு கேள்வியை இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. இருவரும் விடையைப் பூட்டும்வரை பேசிக்கொள்ளக் கூடாது. ஒரே பக்கத்தில் இரண்டு பத்திகள், ஆளுக்கு ஒன்று. மற்றவருடைய பத்தியை மறைத்துவைத்துவிட்டு வேலை செய்ய வேண்டும். மறைத்தார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. நம்பிக்கைதான். விடை ஒத்துப்போனால் கேள்வி வெளியே போகும். ஒத்துப்போகாவிட்டால் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

சில மாதங்களுக்கு முன்பு ஒத்துப்போகாதவை அதிகமாயின. பரீதா முதலில் கவலைப்படவில்லை. வயதாகிறது, கண் மங்குகிறது என்று நினைத்தாள். பிறகு வீட்டிலும் கவனிக்க ஆரம்பித்தாள்.

அடுப்பு அணைக்கப்படாமல் இருந்தது. “நான்தான் மறந்துட்டேன்” என்றார் தாவூது.

வாசல் கதவில் வெளிப்பக்கம் சாவி தொங்கியது. எதிர்வீட்டுச் சீனப் பெண் மணியடித்துச் சொன்னாள். “நான்தான்” என்றார் தாவூது.

மகள் சாதியா சிராங்கூனில் இருந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவாள். ஒரு வெள்ளிக்கிழமை பரீதா அவளுக்காக மீன் ஆணம் வைத்துக்கொண்டிருந்தபோது தாவூது சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“அவ இந்த வாரம் ஞாயித்துக்கிழமைதானே வர்றா.”

“யார் சொன்னது?”

“உன்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். “எனக்கு போன் பண்ணினா. உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்.”

“நல்லா மறந்தீங்க போங்க. இவ்வளவு ஆணத்தையும் யார் தின்னுறது?”

“நான் தின்னுறேன்.”

இரண்டு நாளும் அதையே தின்றார்.

அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவர் மறந்துகொண்டிருந்தார். “ஒரு நாள் ரெண்டு பேரும் போய் செக்கப் பண்ணிக்குவோம்” என்று அவரே சொல்ல ஆரம்பித்திருந்தார். பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்தாள். “எனக்கு என்ன? முழங்கால்தான்” என்று சொல்லித் தட்டிக்கழித்தாள். அவரை மட்டும் தனியாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எப்படிச் சொல்லிக் கூட்டிப்போவது என்பதுதான் தெரியவில்லை.

பச்சை ரயில் கேள்வி அந்த நாட்களில் வந்ததுதான்.

சிவப்பு ரயில், பச்சை ரயில். ஒவ்வொன்றும் நூற்றைம்பது மீட்டர் நீளம். பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளங்களில் மாறாத வேகத்தில் ஓடுகின்றன. பச்சை ரயிலின் வேகம் என்ன? கூற்று ஒன்று: எதிரெதிரே வந்தால் பத்து நொடியில் ஒன்றையொன்று கடந்துவிடும். கூற்று இரண்டு: ஒரே திசையில் போனால் கடக்க முப்பது நொடியாகும்.

பரீதா சி போட்டிருந்தாள். தாவூது இ.

“என்னங்க இது?” என்றாள். “எதிரெதிரே வந்தா வேகத்தைக் கூட்டணும். முந்நூறு மீட்டர், பத்து நொடி. கூட்டினா முப்பது. ஒரே திசைன்னா கழிக்கணும். கழிச்சா பத்து. ஒண்ணு இருபது, இன்னொண்ணு பத்து. முடிஞ்சுது.”

“கேள்வியை ஒருதடவை படி.”

படித்தாள். சத்தமாக.

“சரியா?” என்றார்.

“சரிதான். சி.”

அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். வாதாடுவார் என்று நினைத்தாள். முன்பெல்லாம் ஒரு கேள்விக்காக மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வாதாடியவர்.

“சரி” என்றார். “நீ சொல்றதே இருக்கட்டும்.”

அந்தக் குரல் அவளை என்னவோ செய்தது. தோற்றவருடைய குரலாக இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் மெதுவாக வேலை செய்ய ஆரம்பித்தார். அவள் முடித்த பிறகே முடித்தார். விடைகள் மறுபடியும் ஒத்துப்போயின.

மெதுவாகச் செய்தால் இன்னும் முடிகிறது போலிருக்கிறது என்று அவள் ஆறுதல்பட்டாள்.

அவர் ‘சிக்னல்’ என்று சொன்ன அன்று மதியம், லுஹர் தொழுதுவிட்டுத் தேக்காவுக்குக் கிளம்பினாள்.

“எங்கே?” என்றார் தாவூது.

“மல்லித்தூள் வாங்கணும்.”

“நானும் வர்றேன்.”

“ஒரு பாக்கெட் மல்லித்தூளுக்கு ரெண்டு ஆளா? படுங்க.”

அவர் லிஃப்ட் வரை வந்தார்.

கம்பெனி டன்லப் ஸ்திரீட்டில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே இருந்தது. முதலாளி அதீஃப் மேசையில் காகிதத்தை விரித்துக் கறிபஃப் தின்றுகொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

“வாங்க ஆன்ட்டி. அங்கிள் வரல? அதிசயமா இருக்கு. டிக்கெட் ஒண்ணுதான் கெடைச்சுதா?”

“அவரைப் பத்தித்தான் பேச வந்தேன்.”

கறிபஃப்பை மடித்து ஓரமாக வைத்தான்.

“அவருக்கு வேலையைக் குறைச்சிடு” என்றாள். “ஒரேயடியா நிறுத்தாதே. கேள்வி கம்மியா வருதுன்னு சொல்லு. நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம்.”

“ஏன் ஆன்ட்டி?”

“மறதி வந்துடுச்சு அவருக்கு.”

அதீஃப் கையைத் துடைத்துக்கொண்டான்.

“எனக்கும் உங்களைக் கூப்பிடணும்னுதான் இருந்தது. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தள்ளிப்போட்டேன் லா. ரயில் சாப்டர்ல நாலு கேள்விக்குப் புகார் வந்திருக்கு. விடை தப்புன்னு. நான் செக் பண்ணிட்டேன். தப்புதான்.”

“அதைத்தானே சொல்றேன்.”

“நாலுலயும் நீங்க ரெண்டு பேரும் ஒரே விடை போட்டிருக்கீங்க.”

திரையை அவள் பக்கம் திருப்பினான். பச்சை ரயில் கேள்விதான் முதலில் இருந்தது. கீழே திருச்சியிலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தாள். ‘இருபது, பத்து என்று வருவது சரி. ஆனால் அதில் பச்சை எது?’

பரீதா அதைப் படித்தாள். கேள்வியை மேலே போய் மறுபடி படித்தாள். பச்சை ரயிலின் வேகம் என்ன. வேகமான ரயில் எது என்று எங்கும் சொல்லப்படவில்லை. இரண்டு வேகங்களும் கிடைக்கும். எந்த வேகம் எந்த ரயிலுக்கு என்பது கிடைக்காது. சேர்த்தாலும் போதாது. இ.

டியூஷன் சென்டரில் அவள் பிள்ளைகளை விழவைத்துச் சிரித்த பொறி அது. அதற்கென்றே ஒரு வகுப்பு வைப்பாள்.

“இதுல அவர் இ போட்டிருந்தார்” என்றாள். “நான்தான் மாத்த வெச்சேன்.”

“ஓகே. அது பேசி முடிவு பண்ணினது. மத்த மூணு?”

மற்ற மூன்றையும் பார்த்தாள். எதையும் அவர்கள் பேசி முடிக்கவில்லை. முதலிலேயே ஒத்துப்போனவை. ஒரு கேள்வியில் இரண்டாவது கூற்று மட்டுமே போதும் என்று இருவரும் போட்டிருந்தார்கள். ரயிலின் நீளம் இருந்தது முதல் கூற்றில். இரண்டாவதைப் படிக்கும்போது அந்த நீளத்தையும் கூடவே எடுத்துப்போனால்தான் அந்த விடை வரும். முதல் வாரத்தில் புதியவர்கள் செய்கிற தவறு.

“அப்ப அவரும்தான் தப்புப் பண்ணியிருக்கார்” என்றாள்.

“ரெண்டு பேரும் தப்புப் பண்ணலாம் ஆன்ட்டி. யாருக்கும் வரும். ஆனா தனித்தனியா உக்காந்து ஒரே தப்பை மூணு தடவை எப்படிப் பண்ணுவீங்க?” சிரிக்க முயன்றான். “அங்கிள் என்ன, காப்பியடிக்கிற ஆளா? எக்ஸாம் ஹால்ல பசங்க பேனாவைப் பிடுங்கினவர் அவர்.”

பரீதா சிரிக்கவில்லை.

“உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரை மாத்தணும்” என்றான் அதீஃப். “யாரைன்னு எனக்குத் தெரியல. அங்கிள்னு நீங்க சொல்றீங்க. சரி, அங்கிளையே மாத்திடுறேன். இன்னைக்கே சொல்லட்டுமா?”

“நாளைக்குச் சொல்றேன்” என்றாள்.

தேக்காவின் லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது சாதியாவை அழைத்தாள். அலுவலகத்தில் இருந்தாள். தாழ்ந்த குரலில் பேசினாள்.

“என்னம்மா? மீட்டிங்ல இருக்கேன்.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு வெள்ளிக்கிழமை வரல, ஞாயித்துக்கிழமை வர்றேன்னு வாப்பாகிட்டதானே சொன்னே?”

“வாப்பாகிட்டயா? இல்லையே. உங்ககிட்டதான் சொன்னேன். பதினஞ்சு நிமிஷம் பேசினோமே. ஆபீஸ் ஃப்ரெண்டு கல்யாணம், புடவை கட்டணும், உங்க பச்சைப் புடவையைத் தர்றீங்களான்னு கேட்டேன். தர்றேன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“என்ன ஆச்சும்மா?”

“ஒண்ணுமில்ல. நீ போ.”

ரயில் வந்தது. ஏறவில்லை. அடுத்ததில் ஏறினாள். அந்தப் பேச்சை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். புடவை நினைவுக்கு வந்தது. அலமாரியில் அது இருக்கும் தட்டு நினைவுக்கு வந்தது. மகளின் குரல் வரவில்லை. வழி முழுவதும் சுரங்கம். கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது.

பொங்கோலில் டிக்கெட் கேட்டுக்கு வெளியே தாவூது நின்றிருந்தார். காலில் வீட்டுச் செருப்பு.

“சும்மா நடக்க வந்தேன்” என்றார்.

“வீட்டுச் செருப்போடயா?”

“மறந்துட்டேன்.” கையை நீட்டினார். “மல்லித்தூளைக் கொடு, நான் தூக்கிட்டு வர்றேன்.”

அவள் கையில் எதுவும் இல்லை. அவரும் பார்த்தார். கையை மடக்கிக்கொண்டார். “கீழ்க்கடையில் வாங்கிக்கலாம்” என்றார். “அங்கேயும் நல்லாத்தான் இருக்கும்.”

எல்ஆர்டியில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டார். வண்டி வளைவில் திரும்பியபோது அவர் கை அவள் தோளில் இருந்தது.

மறுநாள் காலை இருவரும் மேசைக்கு வந்தார்கள். முதல் கேள்வி சுலபமானது. ஒரு ரயில் மணிக்கு ஐம்பத்துநான்கு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எதிரே இன்னொன்று முப்பத்தாறில் வருகிறது. ஒன்றையொன்று கடக்க எவ்வளவு நேரமாகும்? கூற்று ஒன்று: ஒவ்வொரு ரயிலும் நூற்றிருபத்தைந்து மீட்டர் நீளம். கூற்று இரண்டு: ஒவ்வொரு ரயிலுக்கும் பத்துப் பெட்டிகள்.

பரீதா மெதுவாகப் படித்தாள். தாளில் எழுதிப் பார்த்தாள். முதல் கூற்றே போதும். பத்து நொடி. பெட்டி எத்தனை என்பதால் பயனில்லை. ஏ.

மறுபடியும் போட்டுப் பார்த்தாள். ஏ தான்.

பி என்று போட்டுப் பூட்டினாள். மற்றவற்றையும் முடித்தாள். எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். திரும்பி வந்தபோது தாவூது நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“நானும் முடிச்சிட்டேன்” என்றார். “எல்லாம் ஒத்துப்போச்சு. பேசுறதுக்கு ஒண்ணுமில்ல.”

அவர் முகத்தில் பரீட்சை முடிந்து வந்த பிள்ளையின் நிம்மதி இருந்தது.

பரீதா தன் திரையில் அவருடைய பத்தியைத் திறந்தாள். முதல் வரியில் பி என்று இருந்தது.

“முதல் கேள்வி” என்றாள்.

“ம்.”

“பத்துப் பெட்டின்னு மட்டும் சொன்னா நீளம் எப்படிங்க தெரியும்?”

தாவூது கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார்.

“ஒரு பெட்டி இத்தனை மீட்டர்னு எடுத்துக்கிட்டா...”

“எடுத்துக்கலாமா?”

“சில சமயம் எடுத்துக்கலாம்.”

வாழ்நாள் முழுவதும் அவர் அப்படி எடுத்துக்கொண்டதில்லை. கேள்வியில் இல்லாத ஒன்றைச் சேர்த்துக்கொண்ட மாணவனை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தவர். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகும் அவளைப் பார்க்கவில்லை.

“பெட்டியெல்லாம் ஒரே அளவுதானே இருக்கும்” என்றார். “இருபது மீட்டர், இருபத்திரண்டு மீட்டர். பெரிய வித்தியாசம் வராது. நீ போட்டது சரிதான்.”

“நான் என்ன போட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இப்பத்தானே ரெண்டு பேரும் பூட்டினோம். பாத்தேன்.”

“பூட்டினதுக்கு அப்புறமா பாத்தீங்க?”

கீழே எல்ஆர்டி போனது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“இந்தக் கேள்விக்கு நான் வேணும்னுதான் தப்பாப் போட்டேன்” என்றாள் பரீதா.

அவர் அசையவில்லை. மேசைமேல் இருந்த கை மட்டும் மெல்ல மூடிக்கொண்டது. சாதியா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் அப்படித்தான் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்று நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. விட்டுவிட்டாள்.

“அதீஃப்கிட்ட உங்களுக்கு மறதின்னு சொல்லிட்டு வந்தேன்” என்றாள். “நேத்து. உங்களை வேலையிலேருந்து எடுக்கச் சொன்னேன்.”

“சரி” என்றார். “அப்படியே இருக்கட்டும்.”

“அடுப்பு?”

அவர் திரையை அணைத்தார்.

“சாவி?”

“பரீதா, விடு. சாப்பிடலாம் வா.”

“சாதியாகிட்ட பேசிட்டேங்க.”

இப்போதுதான் அவளைப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. அவற்றில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

பரீதா எழுந்து மேசையைச் சுற்றிப் போனாள். அவருக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மூடிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவர் பிரிக்க விட்டார்.

“எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?” என்றாள்.